கையக்காவின் பசி

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அந்தப் போன் வந்தபோது கையக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். போன் மணி அடித்தாலே அவள் கை நின்றுவிடும். யாருக்கு என்ன ஆனதோ, எந்தக் கெட்ட செய்தியைத் தன் கையால் சொல்ல வேண்டி வருமோ என்கிற பயம். இருபது வருஷமாகியும் அது போகவில்லை.

கையக்கா என்கிற பெயர் வேலையால் வந்தது. அவளுடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காது கேட்காது. வாயால் பேசுவதற்கு முன்பே கையால் பேசக் கற்றவள் அவள். ஏழு வயதில் அம்மாவுக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று, ‘கர்ப்பப்பையை எடுத்துடணும்’ என்பதை அர்த்தம் தெரியாமலே அம்மாவுக்குக் கையால் சொன்னாள். பிறகு அதுவே பிழைப்பானது. ஆஸ்பத்திரியோ, கோர்ட்டோ, பள்ளிக்கூடமோ, காது கேளாதவர் யாராவது திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றால், "கையக்காவைக் கூப்பிடுங்க" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் முன்வரிசையில் பதினோரு பேர் காது கேளாதவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். போதகர் வாய் பேசப் பேச அவள் கை பேசும். காது நன்றாகக் கேட்கிறவர்கள்கூடப் போதகரை விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"உங்க கையைப் பார்த்தாலே எங்களுக்குக் கண்ணு கலங்குதுக்கா" என்பார்கள். அவள் சிரித்து வைப்பாள்.

அவள் கண் கலங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அது யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கவனித்தாள்: வார்த்தை காது வழியாக வருகிறது, கை வழியாகப் போய்விடுகிறது, நடுவில் எங்கேயும் தங்குவதில்லை. உபவாசம் இருந்து பார்த்தாள், தலைவலிதான் வந்தது. விடியற்காலை ஜெபக்கூட்டத்தில் சேர்ந்தாள்; கொட்டாவி விட்டுக்கொண்டே பாதிக் கூட்டம் போனது. போனில் பிரசங்கம் மேல் பிரசங்கமாகக் கேட்டாள். கேட்கும்போதே விரல்கள் தாமாக மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டன. உள்ளே ஒரு பசி மட்டும் சுரண்டிக்கொண்டே இருந்தது. எதைப் போட்டாலும் அடங்காத பசி. வெளியே சொல்லவும் பயம். சொன்னால் முன்னால் நிற்க விடமாட்டார்களோ, அந்தப் பதினோரு பேரும் என்ன ஆவார்களோ என்று நினைத்து நினைத்து நகத்தோரத்துச் சதையைக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்தாள்.

போனில் பேசியது தையற்காரியின் அண்ணன். தையற்காரி அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சட்டைப் பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்கிறவள். பிறவியிலேயே காது கேளாதவள். கல்யாணமாகவில்லை, அண்ணன் வீட்டில் இருந்தாள்.

"கையக்கா, நாளைக்குக் காலையில தங்கச்சிக்குத் தலையில ஆபரேஷன். டாக்டரம்மா இப்பப் பேசணும்ங்கிறாங்க. நான் சொன்னா இவளுக்கு எங்க புரியுது? உடனே வாங்க."

அண்ணன் கையக்காவைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் ஊருக்கே அக்கா என்பதால் அவருக்கும் அக்காதான்.

ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில் ஆறு கட்டில் போட்ட அறை. ஜன்னலோரக் கட்டிலில் தையற்காரி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதமாக ஊசியில் நூல் கோக்க முடியாமல் திணறியவள், கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தவள். டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"கண்ணுக்குப் பின்னால ஒரு கட்டி. பார்வை நரம்பை அழுத்துது. எடுக்கலைன்னா ஆறு மாசத்துல பார்வை முழுசாப் போயிடும். எடுத்தா காப்பாத்தலாம். ஆனா நரம்புல ரொம்ப ஒட்டியிருந்தா, எடுக்கும்போதே பார்வை போனாலும் போகலாம். நான் மறைக்க விரும்பல."

கையக்கா கையை உயர்த்தியபோது அண்ணன் அவள் தோளைத் தொட்டார்.

"கடைசில சொன்னதை விட்டுடுங்க, அக்கா. நல்லாயிடும்னு மட்டும் சொல்லுங்க. காதும் இல்ல, கண்ணும் போயிடும்னா அவ ராத்திரியே செத்துடுவா."

"அண்ணே, அப்படி விட முடியாது."

"உங்களுக்கென்ன? சொல்லிட்டுப் போயிடுவீங்க. பார்த்துக்கப்போறது நான்."

தையற்காரி இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடியே கையக்கா எல்லாவற்றையும் சொன்னாள். ‘போனாலும் போகலாம்’ என்பதையும் விடவில்லை. அண்ணன் படத்தைக்கூட வாங்காமல் விடுவிடுவென்று வெளியே போய்விட்டார். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

தையற்காரி கையக்காவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு கையால் கேட்டாள். கைமொழியில் நீ, நீங்கள் என்கிற பேதம் கிடையாது.

"கண்ணும் போயிட்டா கடவுள் என்கிட்ட எப்படிப் பேசுவார்?"

கையக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பழக்கதோஷம்.

"பத்து வருஷமா அவர் பேச்சை நீதான் கையில கொண்டுவந்து குடுத்தே. நாளைக்கு உன் கையும் எனக்குத் தெரியலைன்னா? அதான் கேக்கிறேன். உன்கிட்ட அவர் எப்படிப் பேசுறார்? கையில்லாம, காதில்லாம, உள்ளே. அதைச் சொல்லிக் குடு. நான் அதைப் பிடிச்சுக்கிறேன்."

கையக்காவின் கை தானாக ஓடத் தொடங்கியது. அவர் கைவிடமாட்டார், இருட்டிலும் கூட இருப்பார், பயப்படாதே. எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். பாதியிலேயே தையற்காரி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது பாஸ்டரோட கை. புருவத்தைக்கூட அவர் மாதிரியே தூக்குறே. அவர் சொன்னது எனக்குத் தெரியும், முன்வரிசையில உட்கார்ந்து பார்த்தேனே. உன்னோடது எங்கே?"

கையக்காவுக்கு முகம் சூடாகிவிட்டது. பதினோரு பேருக்கு முன்னால் துணி அவிழ்ந்த மாதிரி இருந்தது. "நாளைக்குக் காலையில சொல்றேன்" என்று கையைக் காட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் நாலு மாடிப் படியும் இறங்கினாள்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவளைப் பார்த்து வீட்டுக்காரர், "ஏன், உப்புக் கூடிடுச்சா?" என்றார். சமைத்தது அவர்தான்.

"அவ என்கிட்ட ஒண்ணு கேட்டா. என்கிட்ட அது இல்ல."

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிங்க சொல்றது? நாளைக்குக் கண்ணு போகப்போறவகிட்டே!"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அவளே போதகருக்குப் போன் போட்டாள். காலையில் ஏழு மணிக்கு வந்து ஜெபிக்கிறேன் என்றார் அவர். கையக்காவுக்குப் பாதி உயிர் வந்தது. அவர் ஜெபிப்பார், அவள் கையால் சொல்லிவிடுவாள். எப்போதும்போல. பாதி உயிர்தான் வந்தது. மீதிப் பாதி, ‘இது பாஸ்டரோட கை’ என்று சொல்லிக்கொண்டே கிடந்தது.

காலையில் ஆறே முக்காலுக்குப் போதகர் வந்துவிட்டார். ஆனால் மாடிக்குப் போகும் வாசலில் காவலாளி குறுக்கே கை நீட்டினார். ஆபரேஷனுக்குப் போகிற நோயாளியோடு ஒரு ஆள்தான். ஒரே ஒரு சீட்டுதான். அது அண்ணனிடம் இருந்தது. போதகர் எவ்வளவோ நயமாகச் சொல்லிப் பார்த்தார். "நீங்க சாமியாராவே இருங்க, சீட்டு ஒண்ணுதான்" என்றார் காவலாளி.

அண்ணன் நேற்றைய கோபத்தோடேயே இருந்தார். கையக்காவைப் பார்க்காமல் அந்தச் சீட்டை நீட்டினார்.

"நீங்களே போங்க. நான் போய் என்ன பண்றது? நாப்பது வருஷமாச்சு. சாப்டியா, தூங்கு, வா, போ. இவ்வளவுதான் எனக்கு அவகிட்டே பேசத் தெரியும்."  சட்டென்று திரும்பி நின்றுகொண்டார்.

போதகர் நல்ல மனுஷன். "நான் ரெண்டு மூணு வார்த்தை சொல்றேம்மா, மனசுல வாங்கிக்கிட்டுப் போய்ச் சொல்லிடுங்க" என்று நிதானமாகச் சொன்னார். கையக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முணுமுணுத்துக்கொண்டே லிஃப்டில் ஏறினாள். மூன்றாவது மாடியில் கதவு திறந்து சக்கர நாற்காலி ஒன்று ஏறியது. நான்காவது மாடியில் அவள் இறங்கியபோது ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. துடைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

தையற்காரிக்குப் பச்சை அங்கி மாட்டியிருந்தார்கள். தலையை மழித்திருந்தார்கள். அதனால் முகமே சின்னப்பிள்ளை முகமாகியிருந்தது. ஒரு கையில் ஊசி ஏற்றி ஒட்டியிருந்தார்கள். இன்னும் பத்து நிமிஷம் என்றாள் நர்ஸ்.

தையற்காரி கையக்காவையே பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு முன்னால் கையக்காவால் புருவத்தைத் தூக்க முடியவில்லை.

"என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றாள் கையால். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "மூணு வருஷமா ஒண்ணும் இல்ல. உனக்குக் கொண்டுவந்து குடுத்ததெல்லாம் உண்மைதான், ஆனா எனக்குள்ள எதுவும் நிக்கல. பசிக்குது. சபையில நிக்கும்போதே பசிக்குது. ஜெபம் பண்ணும்போதும் பசிக்குது. வெளியே சொல்லப் பயந்துக்கிட்டு உன்னை ஏமாத்திட்டேன். உனக்குக் குடுக்க எதுவும் இல்லாமத்தான் வந்திருக்கேன்."

கோபப்படுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். தையற்காரி அவள் முகத்தை வெகு கவனமாகப் பார்த்தாள், நூல் கோக்கும்போது பார்க்கிற மாதிரி.

"இதுதான் உன் கை" என்றாள். "இன்னைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன்." பிறகு ஊசி குத்தாத கையால் கேட்டாள்: "எனக்கும் பசிதான். நான் இவ்வளவு நாளா உன் கையை நம்பிக்கிட்டு இருந்திருக்கேன், அவரை இல்ல. அதான் நேத்திக்கு அவ்வளவு பயம். இப்ப என்ன பண்றது?"

"தெரியல."

"கேப்போமா?"

கையக்கா எத்தனையோ ஆயிரம் ஜெபங்களைக் கையால் சொன்னவள். எல்லாம் அடுத்தவர் ஜெபம். தன்னுடையதை எப்போதும் வாயால்தான், மனப்பாட வார்த்தையில்தான் சொல்லிவந்தாள். அம்மாவோடு பேசிய மொழியில் கடவுளோடு பேசலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. இப்போது கை முன்னால் நீளாமல் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. இயேசுவே, பசிக்குது, வா. அவ்வளவுதான் வந்தது. பக்கத்தில் தையற்காரியின் ஒற்றைக் கையும் அதையே சொன்னது. பசி, வா. பசி, வா. இரண்டு பேரும் அழவில்லை. அழ நேரமில்லை, தள்ளுகட்டில் வந்துவிட்டது.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் என்றார்கள். கீழே காத்திருக்கும் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகத் தரையில் திருகி வைக்கப்பட்டிருந்தன. போதகர் ஒன்பது மணி வரை இருந்துவிட்டு ஒரு அடக்க ஆராதனைக்குப் போனார். அண்ணன் உட்காருவார், எழுவார், அறிவிப்புப் பலகையைப் படிப்பார், மறுபடியும் உட்காருவார்.  கதவு திறக்கும்போதெல்லாம் கையக்காவும் எழுந்து பார்த்தாள். ஜெபித்ததும் நிம்மதி வந்துவிடும் என்று எத்தனையோ பேருக்குக் கையால் சொல்லியிருக்கிறாள். வரவில்லை. மடியில் கிடந்த விரல்கள் மட்டும் சின்னதாக அசைந்துகொண்டிருந்தன. பசி, வா.

பதினோரு மணி வாக்கில் அண்ணன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியாமல்தான் கேட்டிருப்பார்.

"அக்கா, உங்கம்மா அப்பா ரெண்டு பேருக்குமே காது கேக்காதே. கைக்குழந்தையா இருக்கையில நீங்க ராத்திரி அழுதா அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கயிறுண்ணே" என்றாள். "அம்மா ஒரு துணி நாடாவை என் காலிலே கட்டி, இன்னொரு நுனியைத் தன் மணிக்கட்டிலே கட்டிக்கிட்டுப் படுப்பாங்களாம். பசிச்சா குழந்தை காலை உதைக்கும்ல? அது அவங்க கையை இழுக்கும். உடனே முழிச்சுப் பால் குடுப்பாங்களாம்."

"அழுதுகூடக் கூப்பிட வேணாமா?"

"வேணாம். பசிச்சு உதைச்சாலே போதும். கட்டினதே அவங்கதானே."

சொல்லி முடித்ததும் அவளுக்கே அது புதிதாகக் கேட்டது. அம்மா இதைப் பலமுறை சிரித்துக்கொண்டே சொல்லிக் காட்டியிருக்கிறாள். அவளும் எத்தனையோ பேரிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள். அண்ணன் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. மூன்று வருஷமாகக் கடவுள் தன்னை விட்டுப் போய்விட்டதற்கு அடையாளம் என்று நினைத்தாளே, அந்தப் பசியை யார் கொடுத்தது? போனவர் எதற்காகப் பசியை விட்டுவிட்டுப் போவார்?

குரல் எதுவும் கேட்கவில்லை. கூடத்தில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது, யாரோ காபி கேட்டார்கள். ஆனால் தன் பக்கத்தில் ஒருவர் விழித்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. முதுகுப்பக்கம் யாராவது வந்து நின்றால் திரும்பாமலே தெரியுமே, அப்படி. மடியில் இருந்த கைகள் அசைவதை நிறுத்தியிருந்தன. அவள் கண்ணிலிருந்து நீர் வடிந்தது. அண்ணன் பதறிப்போய், "என்னக்கா, ஏதாவது தகவல் வந்துச்சா?" என்று எழுந்துவிட்டார்.

"இல்லண்ணே. உட்காருங்க. ஒண்ணுமில்ல. நல்லதுதான்."

ஒரு மணிக்கு டாக்டரம்மா வந்தார். கட்டியை எடுத்தாயிற்று. உயிருக்குப் பயமில்லை. பார்வையைப் பற்றி இப்போது சொல்ல முடியாது; முகம் வீங்கி இமைகள் மூடிக்கொண்டுவிட்டன, வீக்கம் வற்ற மூன்று நாளாகும்.

"கண்ணு மூடியிருக்கும்னு அவளுக்குத் தெரியாதே!" என்றாள் கையக்கா.  விழித்ததும் இருட்டு. பார்வை போய்விட்டது என்றுதானே நினைப்பாள்? "நான் உள்ளே போகணும், டாக்டர். அவ முழிக்கிறதுக்கு முன்னாடி."

"மயக்கம் தெளியட்டும். கூப்பிடுவாங்க."

கூப்பிடவில்லை. இரண்டரை மணிக்கு ஒரு நர்ஸ் வேகமாக வெளியே வந்து, "காது கேக்காத பேஷண்டோட ஆள் யாரு? ரொம்பத் திமிறுறாங்க" என்றாள். கையக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். நர்ஸ் கத்திக்கொண்டே பின்னால் வந்தாள்.

தையற்காரி தலைக்கட்டோடு கட்டிலில் முறுக்கிக்கொண்டிருந்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம், வார்த்தையில்லாத சத்தம். டியூபைப் பிடுங்காமல் இருக்க இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். விரல்கள் மட்டும் காற்றில் துடித்துக்கொண்டிருந்தன.

"அவுத்து விடுங்க!" கையக்கா கத்தின கத்தலில் அடுத்த கட்டில் ஆள் விழித்துவிட்டார். "அது கை இல்ல, அது அவ வாய்! வாயைக் கட்டிப் போட்டிருக்கீங்க!"

"டியூபைப் பிடுங்கிட்டாங்கன்னா..."

"நான் பிடிச்சுக்கிறேன். என் பொறுப்பு."

நர்ஸ் ஒரு கணம் தயங்கினாள். பிறகு குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். கையக்கா அந்த இரண்டு கையையும் தன் ஒரு கைக்குள் வாங்கி, மறு கையால் உள்ளங்கையில் ஒவ்வொரு சைகையாக வைத்து அழுத்தினாள். நான். கையக்கா. வீக்கம். கண் மூடியிருக்கு. அதான் இருட்டு. பார்வை பத்தி இன்னும் தெரியாது. மூணு நாள்.

மூன்று தடவை சொன்ன பிறகுதான் திமிறல் நின்றது. தையற்காரியின் விரல்கள் அவள் கையைத் தடவித் தேடின; நகத்தோரத்துப் புண்ணைத் தொட்டதும் கையக்காதான் என்று உறுதியாகியிருக்க வேண்டும். விரல்கள் மெதுவாகப் பேசின.

"இருட்டா இருக்கு."

"தெரியும்."

"செத்துட்டேன்னு நினைச்சேன்."

"இல்ல. இங்கதான் இருக்கே."

 நர்ஸ் திரவப் பையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். பிறகு அந்த விரல்கள் மறுபடியும் அசைந்தன.

"அவர் உன்கிட்ட பேசினாரா?"

"பேசல" என்றாள் கையக்கா. இதில் ஒரு சொல்கூடக் கூடிவிடக் கூடாது என்று யோசித்து யோசித்து அழுத்தினாள். "வந்தார். பசிதான் அவர் கட்டின கயிறு. அதனாலதான் அது இழுத்துக்கிட்டே இருந்தது. பயம் போகல. ஆனா வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு."

தையற்காரி அதைக் கையில் வாங்கிக்கொண்டு கிடந்தாள். வீங்கிய உதடு லேசாகக் கோணியது. "நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள அந்த மயக்க மருந்து டாக்டர் என்னைத் தூங்க வச்சிட்டான்."

இரண்டாம் நாள் போதகர் திருவிருந்து கொண்டுவந்தார். இப்போது யாரும் தடுக்கவில்லை. அவர் தாழ்ந்த குரலில் சொல்லச் சொல்ல, கையக்கா தையற்காரியின் உள்ளங்கையில் சொன்னாள். அப்பத் துண்டைத் தையற்காரியின் வாயில் வைத்தாள். பிறகு போதகர் கையக்காவிடம் நீட்டினார். அவள் வாங்கி, உடனே விழுங்காமல், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மென்றாள். ஒரு சின்னத் துண்டுதான். போதகர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

அண்ணன் அந்த மூன்று நாளும் கையக்காவிடம் பாடம் கேட்டார். ‘அண்ணன்’ என்பதற்கு விரலை எப்படி வைப்பது, ‘இருக்கேன்’ என்பதற்கு எப்படி. தடித்த விரல்கள், மடங்க மாட்டேன் என்றன. முதல் தடவை அவர் தங்கையின் உள்ளங்கையில் வைத்து அழுத்தியதும் அவள் முகம் சுளித்து, "எந்த மாடு மிதிக்குது?" என்று கேட்டாள். கையக்கா அதை அப்படியே மொழிபெயர்த்தாள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மாடுதான்னு சொல்லுங்கக்கா" என்றார். "ஆனா இங்கதான் இருக்குன்னு சொல்லுங்க."

நான்காம் நாள் காலை வீக்கம் வற்றியது. டாக்டரம்மா இமையை மெல்ல விரித்தார். இடது கண்ணில் ஒன்றும் இல்லை, அது போய்விட்டது. வலது கண்ணில் முதலில் வெள்ளையாக ஏதோ, பிறகு அந்த வெள்ளைக்குள் ஒரு அசைவு. டாக்டரம்மா மூன்று விரலைக் காட்டினார். தையற்காரி இரண்டு என்றாள். இன்னும் கிட்டே கொண்டுபோனதும் மூன்று என்றாள். ஆறு வாரம் கழித்துத்தான் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியும், அதுவரை உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. கையக்கா அதையும் விடாமல் சொன்னாள். இந்தத் தடவை அண்ணன் தடுக்கவில்லை.

"ஆறு வாரம்" என்று தையற்காரி தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.   பிறகு தன் கையை நெஞ்சோடு சேர்த்து, யாருக்கும் காட்டாமல், கடவுளிடம் ஏதோ சொன்னாள். கையக்கா அதைப் படிக்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, தனக்குள் இருந்ததைத் தானும் கையால் அவரிடம் சொன்னாள்.